ஃபேன் பெல்ட்

ஹெவி மெட்டலின் மைல்கற்களை
வரிசையாகச் சொல்லுங்கள் என்று
ரெக்கார்டரை மேசையில் வைத்தார்
லீட்ஸிலிருந்து வந்தவர்.
ஆள் மாறி வந்துவிட்டீர்கள் என்றேன்.
நான் வேன் ஓட்டியவள்.
எனக்கு மைல்கல் என்றால்
ரோட்டோரம் நிற்கும் மைல்கல்தான்.

பில்ஸ்டனில் உலை அணைந்ததற்கு
அடுத்த குளிர்காலம்.
நாலு பையன்கள், ஒரு பெட்ஃபோர்டு.
பின்கதவுக்குத் தாழ்ப்பாள், கட்டி வைத்த கயிறு.
ஆம்ப்ளிஃபயர்களுக்கு இருக்கை உண்டு.
ட்ரம்மர் ஆம்ப்ரோஸ்
தரையில் படுத்து வருவான்,
நெஞ்சின் மேல் சிம்பல் தட்டோடு.

சரி, ஏதாவது சொல்லித்தான் ஆகவேண்டுமென்றால்
கிதார் கம்பியைத் தளர்த்திய நாளைச் சொல்லலாம்.
யார் முதலில் தளர்த்தியது என்று
இன்றைக்கும் அடித்துக்கொள்வார்கள்,
பர்மிங்ஹாமில் எந்த மதுக்கடைக்கும் போய்ப் பாருங்கள்.
எனக்குத் தெரிந்தது வேறு.
எங்கள் கராஜில் அந்தக் கம்பி முதலில் உறுமியபோது
முப்பது வருஷம் சம்மட்டி யந்திரத்தடியில் நின்ற அப்பா
எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"இதைக் கேட்க எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.
நீங்கள் காசு கொடுத்தா கேட்கிறீர்கள்?"

அப்புறம்
இரண்டு கிதார் ஒன்றையொன்று துரத்தியது.
அப்புறம் வேகம்.
கிழட்டு இசை என்று பங்க் பையன்கள் சிரித்தார்கள்,
அந்த ரோஷத்தில் வந்த வேகம்.
அப்புறம் தோல், ஆணி, பட்டை.
எங்கள் ஆணிப் பட்டைகள்
நாய்ச் சாமான் கடையில் வாங்கியவை.
நெவில் மணிக்கட்டில் மாட்டியிருந்தது
நடுத்தர ஸ்பானியல் அளவு.

எழுதிக்கொண்டீர்களா?

இனி நான் பார்த்தது.
ஸ்டோக்கில் ஒரு ஹால்.
லண்டன் ரெக்கார்டு கம்பெனியிலிருந்து ஒருவர்
எங்களைக் கேட்க வருகிறார்.
எம்-6, பதின்மூன்றாம் சந்திப்பு தாண்டியதும்
பனித்தூறலில் ஃபேன் பெல்ட் அறுந்தது.
நைலான் காலுறை இருந்தால் கட்டிவிடலாம்.
நான் கம்பளிக் கால்சட்டையில் இருந்தேன்.
மெல்ல
எல்லார் கண்ணும் பாடகன் க்ளெமென்ட்டின் பக்கம் திரும்பியது.
புலி வரி போட்ட, உடம்போடு ஒட்டிய,
மூன்று வாரச் சம்பளம் விழுங்கிய டைட்ஸ்.
"என்னைக் கொன்றுவிட்டு எடுங்கள்" என்றான்.
பிறகு மணி பார்த்தான்.

வேனுக்குப் பின்னால் அவன் அதைக் கழற்றியபோது
போன லாரியெல்லாம் ஹார்ன் அடித்தது.
இடது காலை வெட்டி, முறுக்கி,
கிரீஸ் கையால் முடிச்சுப் போட்டேன்.
இஞ்சின் ஒருமுறை இருமிற்று.
புலி சுழன்றது.

என் பாய்லர் சூட்டைப் போட்டுக்கொண்டு
மேடை ஏறினான் க்ளெமென்ட்.
கம்பெனிக்காரர் கடைசி ரயிலுக்குக் கிளம்பி
இருபது நிமிஷம் ஆகியிருந்தது.
ஹாலில் பதினேழு பேர்.
அதில் இருவர் நாற்காலி அடுக்க வந்தவர்கள்.

நான் உள்ளே போகவில்லை.
எந்த இரவும் போனதில்லை.
கதவு பூட்டாத வேனை யார் பார்த்துக்கொள்வது?
ஹாலின் பின்சுவரை ஒட்டி நிறுத்தியிருப்பேன்.
பாட்டின் வார்த்தையைச் செங்கல் பிடித்துக்கொள்ளும்,
கிதாரின் கூர்மையைப் பிடித்துக்கொள்ளும்.
மிச்சம் தரை வழியாக ஏறி
டயர், ஆக்ஸில், ஸ்டியரிங் என்று வந்து
என் கைவிரலில் நிற்கும்.
அன்றைக்கு வழக்கத்தைவிடக் கனமாக வந்தது.
கையுறையைக் கழற்றி வைத்துக் கேட்டேன்.

அடுத்த வருஷம் வேனை விற்றோம்,
வால்சாலில் ஒரு கோழிப்பண்ணைக்காரருக்கு.
அந்த முடிச்சு அவிழவே இல்லை என்று
பிற்பாடு கடிதம் போட்டிருந்தார்.
எங்கள் கோஷ்டியில்
நெடுந்தூரம் போனது அந்த இடது கால்தான்.

கோஷ்டியின் பெயரா?
மூன்று முறை மாற்றினார்கள்.
ஸ்டோக் போஸ்டரில் நாலாவதாக ஒன்று போட்டிருந்தது,
எழுத்துப் பிழையோடு.
அதையே எழுதிக்கொள்ளுங்கள்.